இன்றேல், ஏன்?

நெல்லியடிச் சந்தையில் மீன் வாங்கப் போகிற ஆரும் வியாபாரிக்கு முன்னால் நின்று உரை நிகழ்த்துறேல்லை. "கிலோ என்ன விலை? எப்ப பிடிச்சது? ஐஸ் போட்டதோ?" எண்டுதான் கேட்கினம். மூன்று சின்னக் கேள்வி. மூன்றுக்கும் சரியான விடை வந்தால்தான் காசு கையை விட்டுப் போகும். எங்கட சனத்துக்குக் கேள்வி கேட்கத் தெரியாது எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. ஆனால் அதே சனம் வாக்குப் போட்டுக் கோட்டைக்கு அனுப்புகிற ஆட்களிடம் மட்டும் நாங்கள் கேள்வியை எதிர்பார்ப்பதில்லை. பேச்சை எதிர்பார்க்கிறோம். "ஆள் நல்லாக் கதைச்சுப் போட்டார்", "கிழிச்சு விட்டார்" என்பதுதான் ஒரு எம்.பி.க்கு நாங்கள் கொடுக்கிற அதிகபட்சப் புள்ளி.

இந்தப் பழக்கம் எங்களுக்கு நட்டம். ஏன் எண்டதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

பாராளுமன்றத்தில் ஒரு உறுப்பினர் செய்யக்கூடிய வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு எண்ணிக்கை வேண்டும். சட்டம் நிறைவேற்ற, வரவு செலவுத் திட்டத்தைத் தோற்கடிக்க, அமைச்சர் ஒருவர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணையை வெல்ல வைக்க, எல்லாவற்றுக்கும் கை உயர்த்த ஆள் வேண்டும். 225 பேர் உள்ள சபையில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2024 நவம்பர்த் தேர்தலில் கிடைத்தது 6 ஆசனம். 2010இல் அது 9 ஆக இருந்தது, குறைந்து குறைந்து இங்கே வந்து நிற்கிறது. அந்த ஆறிலும் மூன்று ஆளும் தேசிய மக்கள் சக்திக்குப் போனது. அந்தக் கட்சிக்கு நாடு முழுவதும் 159 ஆசனம். மிச்ச மூன்று பேரும் ஒன்றாக நின்றாலும், நிற்காவிட்டாலும், வாக்கெடுப்பின் முடிவு மாறப் போவதில்லை. 1948 குடியுரிமைச் சட்டத்திலிருந்து 1956 தனிச் சிங்களச் சட்டம் வரை, எங்களுக்குப் பாராளுமன்றம் எண்டால் எண்ணித் தோற்கிற இடம்தான். "அங்க போய் என்ன கிழிக்கிறது?" என்ற சலிப்பு அதிலிருந்துதான் வந்தது. அது பொய்யான சலிப்பும் இல்லை.

ஆனால் ஒரு வேலைக்கு மட்டும் எண்ணிக்கை வேண்டாம். அமைச்சரிடம் கேள்வி கேட்பதற்கு ஒரு ஆள் போதும்.

அது நடக்கிற விதத்தைப் பாருங்கள். உறுப்பினர் தன் கேள்வியை முன்கூட்டியே எழுத்தில் கொடுப்பார். அது ஒழுங்குப் பத்திரத்தில் அச்சாகும். குறித்த நாளில் அவர் எழும்பி இலக்கத்தைச் சொல்ல, சம்பந்தப்பட்ட அமைச்சர் விடை சொல்ல வேண்டும், அல்லது விடையைச் சபாபீடத்தில் வைக்க வேண்டும். விடையில் திருப்தி இல்லையென்றால் அதே இடத்தில் மேலதிக கேள்வி கேட்கலாம். அவசரமான பொது விடயம் என்றால் கட்சித் தலைவர்களுக்கு நிலையியற் கட்டளை 27(2) என்று தனி வழி இருக்கிறது. எல்லாம் ஹன்சாட்டில் பதிவாகும். அமைச்சரவை பாராளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. அந்த வசனத்துக்குக் கால் கை முளைத்து நடமாடுகிற இடம் இந்த வினா நேரம்தான்.

ஹன்சாட்டில் இந்தக் கேள்விகளை வாசித்தால் ஒரு வடிவம் தெரியும். (அ), (ஆ), (இ) என்று பிரிவு பிரிவாகப் போகும். "எத்தனை", "எப்போது", "எவ்வளவு செலவு", "என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?" கடைசியில் அனேகமாக ஒரு சின்ன வரி நிற்கும்: "இன்றேல், ஏன்?" அதாவது, நீங்கள் சொல்லாவிட்டால், ஏன் சொல்லவில்லை என்பதையாவது சொல்லுங்கள். முதல் தடவை பார்க்கும்போது அலுவலக மொழியாகத் தெரியும். யோசித்துப் பார்த்தால் தப்பி ஓடுகிற ஆளுக்குப் பின் கதவையும் பூட்டுகிற வரி அது.

தப்பி ஓடுகிற வழிகளும் கனக்க இருக்கு. "இரண்டு வாரம் அவகாசம் தாருங்கள்" என்பது எல்லாக் கட்சி அமைச்சர்களுக்கும் பொதுவான மந்திரம். "தகவல் திரட்டப்படுகிறது" என்பது இன்னொன்று. விடையை வாசிக்காமல் சபாபீடத்தில் வைத்துவிட்டு இருந்துவிடுவது மூன்றாவது. அப்படி வைத்தால் கமரா முன்னால் ஒன்றுமே நடக்காது, ஆனால் விடை ஹன்சாட்டில் அச்சில் இருக்கும். யாராவது தேடி வாசித்தால்தான் உண்டு. எங்களில் எத்தனை பேர் வாசிக்கிறோம்?

இங்கேதான் பேச்சுக்கும் கேள்விக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. கடற்றொழிலை எடுங்கள். "வடக்கு மீனவரின் கண்ணீரை இந்த அரசு எப்ப துடைக்கப் போகுது?" என்று ஒரு எம்.பி. சபையில் முழங்கினால் அது அண்டு இரவே ரிக்ரொக்கில் ஓடும். அமைச்சர் எழும்பி, "நாங்கள் மீனவர் பக்கம்தான் இருக்கிறம்" என்பார். விசயம் முடிஞ்சுது. இரண்டு பேரும் நல்லாக் கதைத்தார்கள். கடலில் ஒன்றும் மாறாது.

இதே விடயத்தில் கேட்கக்கூடிய கேள்வி வேறு. இழுவைமடித் தொழிலை முற்றாகத் தடைசெய்கிற சட்டம் 2017இல் நிறைவேறியது. கடற்றொழில் நீரகவளச் சட்டத்துக்கான திருத்தம் அது. அப்போது யாழ் மாவட்ட எம்.பி.யாக இருந்த சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்தது. ஆக, சட்டம் இருக்கிறது. இனிக் கேட்க வேண்டியது: அந்தச் சட்டத்தின் கீழ் கடந்த மூன்று வருடத்தில் எத்தனை வழக்கு? எத்தனை படகு பறிமுதல்? வலை அறுந்து போன மீனவரில் எத்தனை பேருக்கு நட்டஈடு, ஆளுக்கு எவ்வளவு? ஒருவருக்கும் இல்லையென்றால், ஏன்? இதற்கு "நாங்கள் மீனவர் பக்கம்" என்று விடை சொல்லேலாது. ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும், அல்லது எண் தங்களிடம் இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டுமே அடுத்த கேள்விக்குப் படி. அடுத்த வருடம் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டால் எண் கூடியதா குறைந்ததா என்று பிடிபடும்.

"இதெல்லாம் சும்மா. கேட்டு என்ன வந்தது?" என்று கேட்பீர்கள். சரி, பார்ப்போம்.

இந்தியாவில் 1957இல் ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் முந்திரா என்ற வியாபாரியின் நலிந்த கம்பனிகளின் பங்குகளை ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. பொதுமக்கள் கட்டிய காப்புறுதிக் காசு அது. லோக்சபாவில் அது பற்றிக் கேள்வி எழுந்தது. விடாமல் துளைத்தவர் பெரோஸ் காந்தி. அவர் எதிர்க்கட்சி இல்லை, ஆளும் காங்கிரஸ் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகனும்கூட. விசாரணை ஆணைக்குழு அமைந்தது. 1958 பெப்ரவரியில் நிதி அமைச்சர் ரி. ரி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அசைக்க முடியாத பெரும்பான்மை இருந்த அரசு அது. வாக்கெடுப்பில் அந்த அமைச்சரை ஒருவரும் வீழ்த்தியிருக்க ஏலாது.

இந்தக் கதையை எங்கட மாவட்டத்தின் மூன்று ஆளும் கட்சி எம்.பி.மாருக்காகவும் சொல்கிறேன். சொந்த அமைச்சரிடம் கேள்வி கேட்பது துரோகம் இல்லை. பின்வரிசையில் இருக்கிற ஆளும் கட்சி உறுப்பினருக்கு அதுதான் முதல் வேலை.

இங்கே நடந்ததையும் பார்க்கலாம். 2023இல் மருந்துத் தட்டுப்பாடும் தரமற்ற மருந்துகளும் பற்றிச் சபையில் கேள்விமேல் கேள்வி. செப்டெம்பரில் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெலவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை 113க்கு 73 என்று தோற்றது. எண்ணிக்கை அவரைக் காப்பாற்றியது. அடுத்த மாதமே அவரிடமிருந்து சுகாதார அமைச்சு எடுக்கப்பட்டது. 2024 பெப்ரவரியில் தரமற்ற மருந்துக் கொள்வனவு தொடர்பாக அவர் கைதானார். தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. நான் சொல்ல வருவது, வாக்கெடுப்பு ஒரு நாளில் முடிந்துவிடும், கேட்ட கேள்வி பதிவில் இருக்கும் என்பதுதான்.

இன்னும் கிட்டவாக வேண்டுமென்றால் 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி. வடக்கின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகலாம் என்ற அறிவித்தல். அதில் பெரும்பங்கு யாழ்ப்பாண மாவட்டத்துக் காணி. இடம்பெயர்ந்து, உறுதி தொலைத்து, வெளிநாட்டில் பிள்ளைகள் சிதறிக் கிடக்கிற சனத்துக்கு மூன்று மாதம். சபையில் தமிழ் உறுப்பினர்கள் கேள்வி எழுப்பினார்கள், வெளியில் எதிர்ப்பு, உயர் நீதிமன்றத்தில் வழக்கு. எல்லாம் சேர்ந்து அரசை அதை மீளப்பெற வைத்தது. 159 ஆசனத்தை ஒரு வாக்கால்கூடக் குறைக்காமல் நடந்தது அது.

இப்போது எங்கட பழைய கதைக்கு வருகிறேன். ஏனென்றால் யாழ்ப்பாணத்து அரசியல் வாதங்கள் அனேகமாக ஒரே கேள்வியைத்தான் சுற்றும்: கதிரையில் இருப்பதா, விடுவதா?

1931இல் டொனமூர் அரசியலமைப்பு சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை என்று நாலு ஆசனம் 1934 இடைத்தேர்தல் வரை வெறுமையாக இருந்தன. அந்த இளைஞர்களின் கொள்கை பெரியது, எங்கட வயதுக்காரர் அப்படி யோசித்தார்கள் என்பது பெருமை. ஆனால் டொனமூர் முறையில் ஒவ்வொரு உறுப்பினரும் ஏழு நிர்வாகக் குழுக்களில் ஒன்றில் இருந்து நிர்வாகத்தை நேரடியாகக் கேட்கலாம். அந்த மூன்று வருடமும் அந்த மேசைகளில் வடக்கின் நாலு கதிரைக்கு ஆள் இல்லை. 1972 ஒக்டோபரில் செல்வநாயகம் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து மக்களின் தீர்ப்பைக் கேட்டார். அரசு இடைத்தேர்தலை 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்தது. 1983இல் ஆறாவது திருத்தம் தனிநாட்டுக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைக் கட்டாயமாக்க, தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.மார் ஆசனங்களை இழந்தார்கள்.

அதன் விலையை வடமராட்சி அறியும். 1987 மே 26ஆம் திகதி ஒப்பரேசன் லிபரேசன் தொடங்கியபோது தேசிய பாதுகாப்பு அமைச்சர் லலித் அத்துலத்முதலி. எங்கட ஊர்களில் எத்தனை பொதுமக்கள் செத்தார்கள், பிடித்துக் கொண்டுபோன பெடியள் எங்கே என்று சபையில் எழும்பி அவரிடம் கேட்க, யாழ் மாவட்டம் தெரிவுசெய்த ஒரு எம்.பி.யும் அங்கே இல்லை. கேட்டிருந்தால் உண்மை வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. பொய்யாவது பதிவாகியிருக்கும். அரசு ஒன்று சொன்ன பொய் அச்சில் இருப்பது பிற்காலத்தில் நீதி கேட்கிற சனத்துக்கு எவ்வளவு பெறுமதி எண்டு காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமாரைக் கேளுங்கள்.

இதைச் சொல்வது பகிஷ்கரித்தவர்களைக் குறை பிடிக்க இல்லை. மூன்றில் ஒன்றில் நாங்களாக விட்டோம், ஒன்றில் இழுத்தடித்தார்கள், ஒன்றில் தள்ளி விழுத்தினார்கள். மூன்றிலும் இழந்தது ஒன்றுதான். அதனால்தான் கதிரையில் ஆள் இருக்கிற காலத்தில் அந்த ஆள் கேட்காமல் இருப்பது எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது.

இன்றைக்கும் ஒரு வெறுங்கதிரை இருக்கிறது. அது கோட்டையில் இல்லை, எங்கட பக்கத்திலேயே இருக்கிறது. வடக்கு மாகாண சபை.

2013 செப்டெம்பரில் 38 உறுப்பினர்களோடு தெரிவான முதலாவது வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. இதை எழுதும்வரை அடுத்த தேர்தல் நடக்கவில்லை. கரவெட்டியில் உள்ள பெரும்பாலான பள்ளிக்கூடங்கள், பிரதேச வைத்தியசாலைகள், மாகாண வீதிகள், விவசாயத் திணைக்களம், எல்லாம் மாகாணத்துக்குக் கீழே வருகிறவை. அவற்றை இப்போது ஆளுநரும் அதிகாரிகளும் நடத்துகிறார்கள். ஆளுநரை நியமிக்கிறவர் ஜனாதிபதி. உங்கட தம்பியின் வகுப்புக்கு ஒரு வருடமாகக் கணித ரீச்சர் இல்லையென்றால் வாக்குப் போட்ட நீங்கள் யாரைப் பிடித்துக் கேட்பது? பாராளுமன்றத்தில் கேட்டால் "அது மாகாண விடயம்" என்று கை காட்டலாம். காட்டுகிற திசையில் ஒருவரும் இல்லை.

அந்த முதலாவது சபை நிறையத் தீர்மானம் நிறைவேற்றியது என்று அதைக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே சபையில்தான் உறுப்பினர்கள் சொந்தக் கூட்டமைப்பின் அமைச்சர்கள்மீதே குற்றச்சாட்டு வைத்தார்கள். முதலமைச்சர் விக்னேஸ்வரன் விசாரணைக் குழு அமைக்க வேண்டி வந்தது. 2017இல் இரண்டு அமைச்சர்கள் பதவி விலக நேர்ந்தது. பிறகு அது கட்சிச் சண்டையாகி, முதலமைச்சருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை, கடையடைப்பு என்று நாறியது உண்மைதான். என்றாலும் கைதடியில் இருந்த ஒரு சபையில், தமிழில், எங்கட ஆக்கள் எங்கட அமைச்சர்களிடமே கணக்குக் கேட்டார்கள். அதுக்குப் பிறகு அப்படி ஒன்று நடக்க இடமே இல்லை. மாகாண சபையை "13 போதுமா, சமஷ்டியா" என்ற கண்ணாடியால் மட்டும் பார்த்து எங்களுக்குப் பழக்கம். அந்த வாதம் தேவையானது. ஆனால் அது முடியும்வரை ஒரு தலைமுறை கேள்வி கேட்க ஆளில்லாமல் பள்ளிக்கூடம் போய் முடிக்கிறது.

இனி எங்களுக்கு வருவோம், அதாவது இதை வாசிக்கிற, வட்ஸ்அப்பில் இரண்டு நிமிட வீடியோவைத் தட்டிவிடுகிற எங்களுக்கு. எம்.பி.மார் முட்டாள்கள் இல்லை. எது ஓடுமோ அதைத்தான் செய்வார்கள். சத்தம் போட்ட வீடியோவுக்கு ஆயிரக்கணக்கில் லைக், சபாபீடத்தில் வைத்த விடைக்கு ஒரு கண்ணும் இல்லை எண்டால், எந்த எம்.பி. நூலகத்தில் குந்தி இருந்து (அ), (ஆ), (இ) எழுதுவார்?

நாங்கள் செய்யக்கூடியது பெரிய வேலை இல்லை. ஹன்சாட் பாராளுமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது. மாதம் ஒருக்கா நாலைந்து பேர் பிரித்து வாசித்து, எங்கட ஆறு பேரும் அந்த மாதம் என்ன கேட்டார்கள், என்ன விடை வந்தது, எது அவகாசத்தில் தொங்குகிறது எண்டு ஒரு பக்கம் எழுதலாம். ஒரு தடங்கல் இருக்கிறது: ஹன்சாட்டில் ஒவ்வொருவர் பேசியதும் பேசிய மொழியிலேயே அச்சாகும். எம்.பி. தமிழில் கேட்பார். அது அவருடைய அரசியலமைப்பு உரிமை. அமைச்சரின் விடை அனேகமாகச் சிங்களத்தில் கிடக்கும். நெல்லியடியில் இருக்கிற தாய் ஒருத்திக்கு அவளுடைய கேள்விக்கான விடை வாசிக்கத் தெரியாத எழுத்தில் வந்து சேருகிறது. எங்கட பீடத்தில் சிங்களம் நல்லாத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்புப் பயிற்சிக்குக் கற்பனைப் பந்தி தேடுகிறதை விட இது உருப்படியான வேலை.

இரண்டாவது, கேள்வியை நாங்களே எழுதி அனுப்பலாம். 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் அரச அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் கிடைக்கிற எண்ணை எம்.பி.யிடம் கொடுத்தால், அவர் எழும்பும்போது கையில் ஆதாரம் இருக்கும். அமைச்சர் வேறு எண் சொன்னால் அங்கேயே பிடிக்கலாம். பிரதேச சபைக்கும் இதே விதிதான். 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான உறுப்பினர்கள் எங்கட தெருவில்தான் இருக்கிறார்கள். குப்பை, வடிகால், சந்தைக் குத்தகை பற்றி அவர்கள் தவிசாளரிடம் என்ன கேட்டார்கள் என்று சும்மா ஒருக்கா விசாரியுங்கள்.

முதல் கேள்வியை நானே எழுதி வைக்கிறேன். ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆளும் கட்சியானால் இன்னும் நல்லது. பின்னணி இதுதான்: 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறை மாற்றப்பட்டது. புதிய எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் சபைக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் இல்லாமல், எதிராக 139 வாக்குகளோடு தோற்றது. அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பிறகு பிரதமர் தலைமையில் ஒரு மீளாய்வுக் குழு. இரண்டு மாதத்தில் வந்திருக்க வேண்டிய அதன் அறிக்கை வரவில்லை. அதிலேயே எங்கட வெறுங்கதிரை சிக்கிக் கிடக்கிறது.

மாகாண சபைகள் விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சரைக் கேட்பதற்கு:

(அ) 2018இல் அமைக்கப்பட்ட எல்லை நிர்ணய மீளாய்வுக் குழு எத்தனை தடவை கூடியது, அதன் அறிக்கை எங்கே உள்ளது?

(ஆ) வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து இன்றுவரை அந்த மாகாணத்துக்கு ஒதுக்கப்பட்ட நிதி வருடவாரியாக எவ்வளவு, அதன் செலவை அங்கீகரித்த தெரிவுசெய்யப்பட்ட சபை எது?

(இ) தேர்தல் எந்தத் திகதியில் நடத்தப்படும்?

(ஈ) இன்றேல், ஏன்?